பூட்டி வைத்த வேகம்

எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் என்று எதுவும் கிடையாது. டிவி ரிமோட் ஒரு பாலிதீன் பைக்குள் ரப்பர் பேண்டு கட்டிப் படுத்திருக்கும். மேலே அழுத்தினால் உள்ளே எந்தப் பட்டன் அழுந்தியது என்பது டிவிக்குத்தான் வெளிச்சம். மிக்ஸிக்குப் பூப்போட்ட பாவாடை. வாஷிங் மெஷினுக்கு ஜிப் வைத்த அங்கி. சோபா வந்த அன்று அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை யாரும் எடுக்கவில்லை. அதுவே மனம் வெறுத்துக் கிழிந்து விழுந்த பிறகுதான் துணியைப் பார்த்தோம். அம்மாவுக்குத் தையல் தெரியும். புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் அம்மா அதற்கு முதலில் செய்யும் மரியாதை, இஞ்ச் டேப்பை எடுத்து அளவெடுப்பதுதான்.

மஸ்கட்டிலிருந்து வந்த மாமா எனக்கு அந்தக் கையடக்க வீடியோ கேமைக் கொடுத்தபோதும் அப்படித்தான் நடந்தது. நான் பெட்டியை முழுதாகப் பிரிப்பதற்குள் அம்மா நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்துவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் கேம் மெரூன் நிற ரெக்ஸின் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, மேலே அழுத்து பட்டன். கைக்குழந்தைக்குக்கூட அவ்வளவு பதமாகத் தைத்திருக்க மாட்டாள். விளையாடும் நேரம் தவிர அது சட்டையோடுதான் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

நாங்கள் அப்போது எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் மூன்றாம் மாடியில் இருந்தோம். பால்கனியில் நின்றால் மேம்பாலச் சாலையும் அதன் மேல் போகும் கம்பெனி வண்டிகளும் தெரியும். அப்பாவும் அத்தையும் கோலார் தங்க வயலில் பிறந்தவர்கள். அவர்களுடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா சில வருடங்கள் ரயிலில் பெங்களூருக்கு வந்து போய், பிறகு இங்கேயே வீடு பிடித்தார். அத்தை என்ஜினியரிங் முடித்ததும் எங்களோடு வந்து சேர்ந்தாள்.

அத்தையின் வேலையைப் பற்றி என் வகுப்பில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மின்னணுப் பலகைகளை ஓர் அலமாரிக்குள் வைத்து மூடி, உள்ளே சூட்டை ஏற்றிக்கொண்டே போவாள். எந்தச் சூட்டில் அது உயிரை விடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குச் சம்பளம் தருகிறார்கள். நான் ஒரு சின்ன பொம்மையை உடைத்தால் முதுகில் விழும்; அத்தை நாள் முழுக்க உடைத்துவிட்டு ஐடி கார்டை வீசிக்கொண்டு வருகிறாளே என்று எனக்கு அவள் மேல் தீராத பிரமிப்பு.

கேமில் நான் ஆடுவது ஒரே ஒரு கார் ரேஸ். அதில் மலைப்பாதை ஒன்று வரும். அங்கே மழை பெய்யும். எட்டுக் கார்களும் ஒன்றாக வளைவில் திரும்பும்போது படம் நின்று நின்று, வெட்டி வெட்டிப் போகும். நான் அதைக் குறையாக நினைத்ததே இல்லை. மழையில் கார்கள் அப்படித்தான் போகும் போலிருக்கிறது. எங்கள் சிக்னலில் நாலு துளி விழுந்தால் நிஜக் கார்களும் அப்படித்தானே போகின்றன!

ஒருநாள் அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

“இன்னாடி இது, எப்பவும் இப்படித்தான் திக்குதா?”

“மழையில அப்படித்தான் அத்தை.”

அவள் சிரித்தாள். கேமை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சில நாட்கள் ஆபீஸ் விட்டு வந்ததும் லேப்டாப்பில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் என்னை பால்கனிக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, பெரிய மனிதர்களிடம் பேசுவது போலப் பேசினாள். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பால் இன்னும் வேகமாக ஓட முடியும். செய்தவர்களே வேகத்தைக் குறைத்துப் பூட்டி விற்றிருக்கிறார்கள். பூட்டைத் திறந்துவிட்டால் மழையிலும் திக்காது. இதற்குப் பெயர் ஓவர்கிளாக்.

நான் கேமையே பார்த்தேன். இத்தனை நாள் என் கையில், என் மடியில், என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த பொருள். அதற்குள் எனக்குத் தெரியாத ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்று முழுக்க வீட்டில் இருந்த எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தபடி திரிந்தேன். ஐந்தில் வைத்தாலும் முனகிக்கொண்டு சுற்றும் எங்கள் சீலிங் ஃபேன் நிஜத்தில் எவ்வளவு வேகமோ? லிஃப்டுக்குள் என்ன பூட்டியிருக்கிறதோ? கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்தேன். என்ன முறைக்கிற என்று அதட்டினாள்.

ஆனால் அத்தை நல்லதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. பேட்டரி சீக்கிரம் தீரும். சூடாகும். பாதி ஆட்டத்தில் நின்றுபோகலாம். சேர்த்து வைத்த ஆட்டமெல்லாம் அழிந்தாலும் அழியும். பூட்டைத் திறக்கும்போதே எங்காவது தப்பினால் பிறகு இது வெறும் டப்பா. கம்பெனிக்காரனும் திரும்ப வாங்கமாட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“இது உன் பொருள். நீ சொன்னாத்தான் கை வைப்பேன்.”

அதுவரை என்னிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. எனக்குத் தலைமுடி வெட்டுவதற்குக்கூடக் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே கேம் டப்பாவானாலும் பரவாயில்லை என்று தோன்றியது. சரி என்றேன்.

அத்தை மெமரி கார்டில் எதையோ ஏற்றிச் செருகினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. திரை ஒருமுறை முழுதாக அணைந்தது. அந்த நேரத்தில் அத்தையும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. பிறகு உயிர் வந்தது. சமையலறையிலிருந்து அலுமினிய இட்லித் தட்டைக் கொண்டுவரச் சொன்னாள். அதைக் கவிழ்த்து, அதன் மேல் கேமை வைத்தாள். சூட்டைத் தட்டு வாங்கிக்கொள்ளுமாம். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போலப் புறங்கையால் அதன் முதுகை அடிக்கடி தொட்டுக்கொண்டே, ஓட்டு என்றாள்.

மலைப்பாதை வந்தது. மழை வந்தது. எட்டுக் கார்களும் வளைவுக்கு வந்தன. அப்படியே வழுக்கிக்கொண்டு திரும்பின. ஒரு வெட்டு இல்லை, ஒரு தடங்கல் இல்லை. மழை என்று நான் நினைத்திருந்தது வெறும் கோடுகள். இப்போதுதான் அது பெய்தது. தார்ச் சாலையில் தேங்கிய தண்ணீரில் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு நெளிந்தது. அது முதலிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நான் ஓட்டுவதை மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி இடம்தான் வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

“அத்தை, சுடுதா?” என்று கேட்டேன்.

சுடும்தான், ஆனால் காற்று போனால் போதும் என்றாள். அவளுடைய அப்பா வேலை பார்த்த சுரங்கத்தில் ஆழம் போகப் போகப் பாறையே சுடுமாம். சுடுகிறது என்று யாரும் தோண்டாமல் இருக்கவில்லை. மேலேயிருந்து குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பினார்களாம். சொல்லிவிட்டு மேம்பாலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தையின் கம்பெனி ஜெர்மனியில் புதிதாகப் பரிசோதனைக்கூடம் திறக்கிறது; இரண்டு வருடம் அங்கே வந்து இருக்க முடியுமா என்று அத்தையைக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தார், கவரோடுதான். மாப்பிள்ளைக்கு அத்திபெலேயில் சொந்த வீடு, குடும்பத்துக்குப் பெயிண்டுக் கடை, இவருக்கு இங்கேயே நல்ல கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

மறுநாள் ஞாயிறு காலையிலிருந்து அம்மா உறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் வரும் நாளில் மட்டும் எங்கள் வீட்டுப் பொருள்களுக்கு விடுதலை. மிக்ஸி பாவாடை இல்லாமல் பளபளவென்று நின்றது. ரிமோட்டின் எண்களைப் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். நான் கூடத்து மூலையில் மலைப்பாதையில் இருந்தேன். வெளியே லிஃப்டுக் கதவுச் சத்தம் கேட்டதும் அம்மா ஓடி வந்தாள்.

“போதும், சும்னே இரு. அவங்ககூட வர்ற பசங்க பார்த்துக் கேட்டா குடுக்க வேண்டியதாயிடும்.”

வேறு எதற்கும் உறை இல்லாத அந்த ஒரு நாளில், கேமுக்கு மட்டும் உறை வந்தது. ஓடிக்கொண்டிருந்த ரேஸோடு அதை என் கையிலிருந்து பிடுங்கி, ரெக்ஸின் சட்டைக்குள் திணித்து, பட்டனை அழுத்தி, சோபாவின் மூலையில் குஷனுக்குப் பின்னால் செருகிவிட்டாள். எப்படி அணைப்பது என்று அம்மாவுக்குத் தெரியாது. அணைக்கிறேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள் விருந்தாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை நேராகப் போய் அந்த மூலையில் உட்கார்ந்து அந்தக் குஷனில் சாய்ந்தார்.

உறை இறுக்கமானது, முடுக்கும் பட்டனை அது அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே என் கார் ஏதோ ஒரு சுவரில் முட்டிக்கொண்டு முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும். சாதாரண வேகமா? பூட்டைத் திறந்துவிட்ட வேகம். பஞ்சு, ரெக்ஸின், குஷன், அதற்கு மேல் மாப்பிள்ளை. காற்று எங்கே போகும்? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பேசினால் தொலைத்துவிடுவேன் என்று இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா டோல் கட்டணத்தைப் பற்றிப் பேசினார். என் அப்பா தலையாட்டினார். பேச்சு ஓய்ந்த இடைவெளியில் மெல்லிய உறுமல் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா, மேம்பாலத்துச் சத்தம் இங்கே வரைக்கும் வருகிறதே என்றார். மாப்பிள்ளை ஒருமுறை நெளிந்தார். இன்னொருமுறை நெளிந்தார். அத்தை பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்து அவர் எதிரில் நின்ற அந்த நல்ல நேரத்தில், அவர் சட்டென்று துள்ளி எழுந்தார்.

“ஏதோ சுடுதுங்க!”

அத்தைக்கு ஒரு நொடிதான் ஆனது. கொஞ்சம் பிடிங்க என்று காபித் தட்டை மாப்பிள்ளையின் கைகளில் கொடுத்தாள். குஷனை வீசினாள். உறையைப் பிய்த்தாள். அம்மா தைத்த அழுத்து பட்டன் தெறித்து ஷோகேஸ் கண்ணாடியில் பட்டது. கேமின் முதுகு மூடியைத் திறந்து பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, பால்கனித் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே புடவையோடு குந்தி உட்கார்ந்து புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர் நடுக்கூடத்தில் காபித் தட்டை ஏந்தி நின்றார். பெண் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். என்னைச் சேர்ந்த ஒருத்தி இவ்வளவு வேகமாக இயங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தானும் பால்கனிக்கு வந்தார்.

“ஓவர்கிளாக் பண்ணியிருக்கீங்களா?”

“ஆமா.”

“ரிஸ்க்குங்க. பேட்டரி உப்பிடும். ஆயுசும் குறையும். கம்பெனிக்காரன் காரணம் இல்லாமலா பூட்டியிருப்பான்?”

“காரணம் இருக்கும். பேட்டரி ரொம்ப நேரம் வரணும், ரிப்பேருன்னு யாரும் திரும்பி வரக்கூடாது. அதெல்லாம் அவனோட காரணம்,” என்றாள் அத்தை, தலையைத் தூக்காமல்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். கூடத்திலிருந்து அவருடைய அம்மா, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எதற்கம்மா நோண்டினாய் என்று ஆதங்கத்தோடு கேட்டார். அப்பா அவசரமாக எல்லோருக்கும் கேசரி வைக்கச் சொன்னார்.

இந்தச் சம்பந்தம் என் கேமால் போயிற்று என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆனால் சாயங்காலமே போன் வந்துவிட்டது. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. சுறுசுறுப்பான பெண் என்று மாப்பிள்ளையின் அப்பாவே சொன்னாராம். ஜெர்மனி மட்டும் வேண்டாம். இந்தச் சூட்டு வேலையும் கல்யாணத்துக்குப் பிறகு எதற்கு? அத்திபெலேயில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் டீச்சர் வேலை தயாராக இருக்கிறது. அப்பா போனை வைத்துவிட்டு ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். அம்மா அத்தையின் வாயில் சர்க்கரை போட்டாள்.

அத்தை அதை விழுங்கிவிட்டு பால்கனிக்கு வந்தாள். நான் ஆறிப்போன கேமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேட்டரியைப் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

“தப்பிச்சிடுச்சு. இப்ப சொல்லு. நம்ம வேகத்துலயே வச்சிடவா, கம்பெனி குடுத்த வேகத்துக்கே மாத்திடவா?”

காலையில் பட்ட பயம் இன்னும் போகவில்லை. கம்பெனி வேகமே போதும் அத்தை என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பொருளில் வேறு ஏதோ பழுது இருக்கிறது, சொல்லாமல் மறைக்கிறாள் என்று எண்ணினேன். உன் பொருள் என்று மட்டும் சொல்லி, பழையபடி பூட்டிக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் மலைப்பாதைக்குப் போனேன். மழை வந்தது. கார்கள் வளைவுக்கு வந்தன. நின்று நின்று, வெட்டி வெட்டிப் போயின. நேற்று வரை இதைத்தானே ஆசை ஆசையாக ஆடினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு வளைவுகூடத் தாண்ட முடியவில்லை. தண்ணீரில் நெளிந்த சிவப்பு வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது, எனக்குத் தெரியும், காட்டாமல் வைத்துக்கொண்டிருக்கிறது என்று கோபமாக வந்தது. கேமை அத்தையிடம் நீட்டினேன்.

“வேணாம் அத்தை. வேகமாவே வச்சிடு.”

“சூடாகுமே?”

“அது கவர் போட்டதாலதான சூடாச்சு? நான் கவர் போடாம வச்சுக்கறேன்.”

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே என்னை இழுத்து அணைத்தாள். பட்டுப்புடவையின் ஜரிகை கன்னத்தில் குத்தியது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். இதில் சிரிக்கவோ அழவோ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சீக்கிரம் பூட்டைத் திற அத்தை, வெளிச்சம் போகிறது என்று அவசரப்படுத்தினேன். திறந்து கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அங்கே அவள் சொன்னதெல்லாம் என் காதில் தெளிவாக விழுந்தது. “அண்ணா, அவங்களுக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடு. நாளைக்கு ஆபீஸ்ல, நான் ஜெர்மனிக்குப் போறேன்னு சொல்லப்போறேன்.” அப்பாவின் குரல் உயர்ந்தது. அம்மா நடுவில் புகுந்து ஏதோ சொன்னாள். அத்தையின் குரல் உயரவே இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. இட்லித் தட்டின் மேல் கேம், பால்கனிக் காற்று, மலைப்பாதையில் மழை, எனக்கு முன்னால் ஒரே ஒரு கார். கடைசி வளைவில் அதன் சிவப்பு விளக்கைத் தண்ணீரில் மிதித்துக்கொண்டு தாண்டினேன்.

“ஃபர்ஸ்ட்!” என்று கத்திக்கொண்டு கேமோடு உள்ளே ஓடினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பட்டன் பிய்ந்த ரெக்ஸின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தைப்பதா வேண்டாமா என்று தெரியாதவளைப் போல நின்றாள். அத்தை மட்டும்தான் கையை நீட்டி, காட்டு என்று என் கையைப் பிடித்தாள்.

அவள் கை அப்படிச் சுட்டது. இவ்வளவு நேரம் கேமைப் பிடித்துக்கொண்டிருந்தது நான், அத்தையின் கை எதற்குச் சுடுகிறது என்று யோசித்தேன்.